பந்தி இலக்கம் தமிழில் தானாக வரட்டும்: அரசகரும மொழிகள் திணைக்களத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய திணைக்களத்தாருக்கு,

வணக்கம். கொழும்பு புதுக்கடையில், நீதிமன்ற வளாகத்தை ஒட்டிய தெருக்களில், தமிழில் ஆவணம் தட்டச்சிட்டும் மொழிபெயர்த்தும் பிழைக்கிறவர்களில் நானும் ஒருவன். வழக்குரை, மறுமொழி, சத்தியக் கடதாசி, வாடகை ஒப்பந்தம், சங்க யாப்பு, கேள்விமனுப் பத்திரம் என்று பந்திக்குப் பந்தி இலக்கம் போட்டே ஆகவேண்டிய வேலைகள்தான் எங்களிடம் வருகின்றன. அந்த இலக்கத்தைப் பற்றித்தான் இந்த மடல். தமிழ் எழுத்து வரிசையில் பந்திகளுக்குத் தானாக இலக்கமிடும் செருகுநிரல் ஒன்று, அதாவது வேர்டில் சேர்த்துப் பயன்படுத்தும் ஆட்-இன் ஒன்று, எங்களுக்கு வேண்டும். அதற்கும் முன்னால், அந்த எழுத்து வரிசை எது என்று யாராவது அதிகாரத்தோடு சொல்ல வேண்டும். அந்த அதிகாரம் உங்களிடம் இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

சட்ட ஆவணத்தில் பந்தி இலக்கம் அலங்காரத்துக்கு இல்லை. 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வழக்காளியின் வழக்குரைக்கு எதிராளி தரும் மறுமொழி முறைப்படி இலக்கமிட்ட பந்திகளில் அமைய வேண்டும், தேவையான இடங்களில் வழக்குரையின் பந்திகளை இலக்கம் சொல்லிக் குறிப்பிட வேண்டும் என்று அதன் 75 ஆம் பிரிவு சொல்கிறது. அதனால்தான் மறுமொழிகளில் ‘வழக்குரையின் 4, 5, 7 ஆம் பந்திகளை எதிராளி மறுக்கின்றார்’ என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். ஒரே வரிதான். அதில் 7 என்பது 8 என்று விழுந்துவிட்டால், மறுக்க வேண்டியதை மறுக்காமல் விட்டு, மறுக்கக் கூடாததை மறுத்ததாகிவிடும். பிறகு திருத்த மனு, இன்னொரு தவணை, கட்சிக்காரருக்கு இன்னொரு செலவு.

கொழும்பில் வேலை செய்கிறவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே ஆவணம் பெரும்பாலும் மூன்று மொழியில் நடமாடுகிறது. ஆங்கிலத்தில் வரைவு தயாராகும், சிங்களத்திலும் தமிழிலும் மொழிபெயர்ப்பு வரும், மூன்றும் ஒரே உறையில் போகும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கும்போது, எந்தப் பந்திக்கு எந்தப் பந்தி என்று காட்டுவது இலக்கம் மட்டும்தான். 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனாலும் நமது சட்டங்களின் கடைசிப் பிரிவைப் புரட்டினால், சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையில் ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்ற வாசகத்தைப் பார்க்கலாம். தனியார் ஒப்பந்தங்களிலும் அதே பாணியில் ஆங்கிலப் பிரதியே மேலோங்கும் என்று எழுதிவிடுகிறார்கள். ஆகவே தமிழ்ப் பிரதியில் ஓர் இலக்கம் பிசகினால், நட்டப்படுகிறவர் தமிழ்ப் பிரதியை நம்பி வாசித்தவர்தான்.

செட்டியார் தெருவில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய வாடகை ஒப்பந்தம் ஆங்கிலத்திலும் தமிழிலும் இருந்தது. வேறொரு இடத்தில் தயாரித்தது. கையெழுத்துக்குச் சற்று முன்னர் ஆங்கில வரைவில் 6 ஆம் பந்திக்குப் பின்னால் விளம்பரப் பலகை பற்றிப் புதிதாக ஒரு பந்தியைச் சேர்த்திருக்கிறார்கள். ஆங்கிலக் கோப்பில் இலக்கம் தானாக வருகிற ஏற்பாடு இருந்ததால் 7 இலிருந்து எல்லாம் ஒன்று கூடி, உள்ளே சுட்டியிருந்த இலக்கங்களும் சேர்ந்து மாறிவிட்டன. தமிழ்க் கோப்பில் எல்லாமே கையால் அடித்த இலக்கம். தட்டச்சு செய்தவர் ஓரத்து இலக்கங்களை ஒவ்வொன்றாக மாற்றியிருக்கிறார், ஒன்றுகூடத் தவறவில்லை. பார்வைக்கு இரண்டு பிரதியும் ஒன்றுதான். ஆனால் 12 ஆம் பந்திக்குள், ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் ‘9 ஆம் பந்தியில் கூறப்பட்ட தொகை’ திருப்பித் தரப்படமாட்டாது என்று இருந்த வரி அப்படியே நின்றுவிட்டது. முதலில் 9 ஆம் பந்தியில் இருந்தது பாதுகாப்பு வைப்பு. இப்போது அது 10 ஆம் பந்தி. 9 ஆம் பந்தியில் இருப்பது சுவர் பூச்சு, கழிவுநீர்க் குழாய் முதலிய திருத்த வேலைக்கு மாதாமாதம் கட்டும் சிறு தொகை.

கடைக்காரர் தமிழில்தான் வாசித்தார். இடையில் போனால் அந்தச் சிறு தொகைதானே போகும் என்று நினைத்துக் கையெழுத்து வைத்தார். பிற்பாடு கடையைக் காலி செய்யும் நேரத்தில், முழு வைப்பும் கிடையாது என்று கடிதம் வந்தது. அவர் இரண்டு பிரதியையும் கொண்டுவந்து என் மேசையில் விரித்து, 9 ஆம் பந்தியில் விரலை வைத்துக்கொண்டு, ‘தம்பி, இதில இப்படித்தானே போட்டிருக்கு?’ என்று கேட்டார். அப்படித்தான் போட்டிருந்தது.

தட்டச்சு செய்கிறவர் கவனமாக இருந்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். மேலே சொன்னவர் கவனமாகத்தான் இருந்தார். ஓரத்து இலக்கத்தைக் கண்ணால் ஓடிப் பார்த்துத் திருத்திவிடலாம். வாக்கியத்துக்குள் புதைந்திருக்கும் ‘மேற்கூறிய 9 ஆம் பந்தி’, ‘11(ஆ) இன் ஏற்பாடுகளுக்கு அமைய’ போன்றவற்றை முழு ஆவணத்தையும் பொருள் உணர்ந்து வாசித்தால்தான் பிடிக்கலாம். சாயங்காலம் நாலு மணிக்கு, அலுவலகம் மூடுவதற்குள் வேண்டும் என்று சட்டத்தரணியின் லிகிதர் தலைமாட்டில் நிற்கும்போது அது நடக்கிற காரியம் இல்லை.

கணினிக்கு இது சுலபமான வேலை. வேர்டில் தானியங்கி இலக்கம் போட்ட பந்தியில், அந்த இலக்கத்தின் மேல் கேர்சரை வைத்து அழிக்க முடியாது. ஏனென்றால் அது அங்கே அடித்த எழுத்தே இல்லை. இந்தப் பந்தி இன்ன பட்டியலில் இன்ன மட்டம் என்ற குறிப்பு மட்டும்தான் பந்தியோடு இருக்கிறது. பட்டியலின் வடிவம் கோப்புக்குள் வேறொரு பகுதியில் இருக்கிறது. திரையில் காட்டும்போது வேர்ட் எண்ணிச் சொல்கிறது. நடுவில் ஒரு பந்தியைச் செருகினால் அடுத்த கணமே மறுபடி எண்ணிவிடும். வாக்கியத்துக்குள் சுட்டும் இலக்கத்தையும் கையால் அடிக்காமல் ‘கிராஸ் ரெஃபரன்ஸ்’ வழியாகச் செருகினால், அது அந்தப் பந்தியையே பிடித்துக்கொண்டிருக்கும். பந்தி 9 இலிருந்து 10 க்குப் போனால், கன்ட்ரோல் ஏ அழுத்தி எஃப்9 தட்டியதும் சுட்டலும் 10 ஆகிவிடும். சுட்டிய பந்தியை யாராவது அழித்துவிட்டால், அந்த இடத்தில் ‘எரர்’ என்று தொடங்கும் ஒரு வரி தடித்த எழுத்தில் வந்து நிற்கும். அசிங்கமாக இருந்தாலும் அதனால் நன்மைதான். கையால் அடித்த பிழை அப்படித் தன்னைக் காட்டிக்கொடுக்காது.

அப்படியானால் வேர்டில் இருப்பதே போதுமே, எதற்குச் செருகுநிரல்? வேர்டின் பல மட்டப் பட்டியலை ஒழுங்காக அமைக்க, ஒவ்வொரு மட்டத்தையும் ஒரு ஸ்டைலோடு, அதாவது பெயரிட்டுச் சேமித்த பந்தி வடிவமைப்போடு, இணைக்க வேண்டும். அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அவசரக்காரருக்கான இடம் அல்ல. இணைக்காமல் மேலோட்டமாகப் பொத்தானை அழுத்திப் போட்ட இலக்கம், வேறொரு கோப்பிலிருந்து நாலு பந்தியை கொப்பி பண்ணி ஒட்டியதும் ஆட்டம் காணும். ஒட்டிய பந்திகள் தம் பழைய பட்டியலையும் கூடவே கொண்டுவரும். 14 க்கு அடுத்தது திடீரென்று 1 ஆகும். இரண்டு தடவை இப்படி அடிபட்டவர் மூன்றாம் தடவை தானியங்கியை நிறுத்திவிட்டுக் கையால் அடிக்கத் தொடங்கிவிடுவார். புதுக்கடையில் பலர் இன்று நிற்கும் இடம் அதுதான், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் இதற்குத்தான் தனிச் செருகுநிரல்களை வாங்கிப் பயன்படுத்துகின்றன. அமெரிக்காவில் பெயின் குரூப் என்ற நிறுவனம் உருவாக்கிய நம்பரிங் அசிஸ்டண்ட் அந்த வகையில் பேர்பெற்றது. இந்த மாதிரிச் செருகுநிரல் வேர்டின் மேற்பட்டையில் தனக்கென்று ஒரு தாவலைத் திறந்து வைத்துக்கொள்ளும். ஒப்பந்தம், வழக்குரை, நிறுவன யாப்பு என்று வகைவாரியாக இலக்கத் திட்டங்கள் தயாராக இருக்கும். ஒன்றைத் தெரிவு செய்தால் பட்டியலையும் ஸ்டைலையும் அது தானே இணைத்துவிடும். ஒட்டிய பந்திகளைத் தன் திட்டத்துக்குள் இழுத்துக்கொள்ளும். கையால் அடித்த பழைய இலக்கங்களைக் கண்டுபிடித்துத் தானியங்கி இலக்கமாக மாற்றித் தருகிறவையும் உண்டு. மொத்தத்தில் வேர்டுக்கு ஏற்கனவே தெரிந்த வித்தையை, அவசரத்தில் இருக்கும் மனிதர் பிழையில்லாமல் செய்யும்படி ஆக்குகிறது, அவ்வளவுதான்.

சரி, அதையே வாங்கிக்கொள்ளலாமே என்றால், தமிழுக்கு வந்ததும் வழி அடைபட்டுவிடுகிறது. நாங்கள் பந்திக்கு 1, 2, 3 போடுகிறோம், அதில் பிரச்சினை இல்லை. உட்பந்திக்கு (அ), (ஆ), (இ) போடுகிறோம். வேர்ட் கோப்பு வடிவத்துக்கு ஐஎஸ்ஓ 29500 என்றொரு சர்வதேச நியமம் இருக்கிறது, 2008 இல் ஏற்கப்பட்டது. எந்தெந்த எழுத்து வரிசையில் இலக்கமிடலாம் என்று அதில் ஒரு நீண்ட பட்டியல் உண்டு. ஹிந்தி உயிரெழுத்து, ஹிந்தி மெய்யெழுத்து, தாய்லாந்து எழுத்து, ஹீப்ரு, அரபு, ஜப்பானிய, கொரிய வரிசைகள், ரஷ்ய எழுத்து எல்லாம் அதில் இருக்கின்றன. தமிழ் இல்லை. சிங்களமும் இல்லை. பட்டியலில் இல்லாததால் வேர்டின் பெட்டியிலும் இல்லை, வேர்டின் மேல் ஏறி வேலை செய்யும் செருகுநிரல்களிலும் இல்லை. இணையப் பக்கங்களில் நிலைமை இதைவிடப் பரவாயில்லை. இணையப் பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் நியமத்தில் நமக்கு வேண்டிய எழுத்து வரிசையை நாமே வரையறுத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். தமிழ் இலக்க உருக்கள் அதில் முன்கூட்டியே உண்டு, ஆனால் நம் ஆவணங்களில் அவற்றை யாரும் கேட்பதில்லை. கேட்பது (அ), (ஆ), (இ). நீதிமன்றத்துக்குப் போவதும் இணையப் பக்கம் இல்லையே.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் வேலை செய்கிறவர்கள் காணும் காட்சியை உங்கள் உத்தியோகத்தர்களும் கண்டிருப்பார்கள். ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யுனிகோட் வந்து இத்தனை காலமாகியும் பாமினி எழுத்துருவில் வரும் கோப்பு குறையவில்லை. அந்த எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கின்றன. உட்பந்திக்கு ஆங்கிலச் சிறிய எழுத்து வரிசையைத் தெரிவு செய்தால், இலக்கம் பந்தியின் எழுத்துருவையே எடுத்துக்கொள்ளும். ஆங்கில ஏ இருக்கும் இடத்தில் பாமினியில் ‘ய’ இருக்கிறது, பீ இருக்கும் இடத்தில் ‘டி’, சீ இருக்கும் இடத்தில் ‘உ’. ஆகவே திரையில் (ய), (டி), (உ) என்று வரிசை வந்து நிற்கும். ரோமன் இலக்கம் போட்டால் இன்னும் மோசம். ஆங்கில ஐ இருக்கும் இடத்தில் தமிழ் ஐகாரக் கொம்பு இருப்பதால், முதலாவதற்கு ஒரு கொம்பும் இரண்டாவதற்கு இரண்டு கொம்பும் தனியாக நிற்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டுக் கணினிக்கு வைரஸ் என்று நினைத்திருக்கிறார்கள்.

இந்த இடமாற்றத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. ஆங்கில ஏ இருக்கும் இடத்தில் அ, பீ இருக்கும் இடத்தில் ஆ, சீ இருக்கும் இடத்தில் இ என்று தனியாக ஓர் எழுத்துரு செய்து, இலக்கத்துக்கு மட்டும் அதைக் கொடுத்துவிடுவது. தாளில் அச்சிட்டால் அழகாக இருக்கும். அந்த வழியில் போகாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். அந்தக் கோப்பு அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்ததும் ஆங்கில எழுத்தாகிவிடும். கிராஸ் ரெஃபரன்ஸ் போட்டால், சுட்டல் அது நிற்கும் வாக்கியத்தின் எழுத்துருவை எடுத்துக்கொண்டு, ஓரத்தில் (ஆ) என்றும் வாக்கியத்துக்குள் ஆங்கில பீ என்றும் நிற்கும். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் (ஆ) என்று வாசிக்காது. கோப்புக்குள் உண்மையான தமிழ் எழுத்து இருக்க வேண்டும், அதன் தோற்றம் மட்டும் இருந்தால் போதாது.

இனி வரிசைக்கு வருகிறேன். செருகுநிரல் எழுதுவதைவிட இதுதான் கடினம், இதை எந்தக் கணினிக்காரராலும் தனியாகத் தீர்க்க முடியாது. உயிரெழுத்து பன்னிரண்டு. (அ) இலிருந்து (ஔ) வரை யாருக்கும் சந்தேகம் இல்லை. பதின்மூன்றாவது உட்பந்திக்கு என்ன? இது கற்பனைக் கேள்வி அல்ல. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், தகவல் மறுக்கக்கூடிய காரணங்களை அடுக்கும் 5 ஆம் பிரிவின் பட்டியல் ஆங்கிலத்தில் பன்னிரண்டு எழுத்தைத் தாண்டிப் போகிறது. அச்சில் வரும் சட்டங்களுக்குச் சட்டவரைஞர்கள் ஏதோ ஒரு முறையை வைத்துத் தீர்த்துவிடுகிறார்கள். ஒப்பந்தமும் கேள்விமனுவும் சங்க யாப்பும் தட்டச்சு செய்கிறவரின் மேசைக்கு அந்த முறையை யாரும் கொண்டுவந்து தருவதில்லை. என் மேசைக்கு வந்த கோப்புகளில் ஒருவர் (ஔ) முடிந்ததும் (ஃ) போட்டுவிட்டு (க) வுக்குப் போகிறார். இன்னொருவர் ஆய்தத்தை விட்டுவிட்டு நேரே (க), (ங), (ச) என்று நெடுங்கணக்கில் இறங்குகிறார். வேறொருவர் (ங) வை வாசிக்கச் சிரமம் என்று விட்டுவிடுகிறார், அவருடைய பதினைந்தாவது அடுத்தவருடைய பதினாறாவது ஆகிறது. (அஅ) என்று போடுகிறவர்களும் உண்டு. அதில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. திருத்தச் சட்டம் 5 க்கும் 6 க்கும் இடையில் ஒரு பிரிவைச் செருகும்போது 5அ என்று போடுவது நம் வழக்கம். (அஅ) என்றதும், இது (அ) வுக்கும் (ஆ) வுக்கும் இடையில் பிற்பாடு செருகியதோ என்று வாசிப்பவர் மயங்குவார்.

பன்னிரண்டாவதிலேயே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஔ என்பது யுனிகோடில் ஒரே குறியீடு. பலர் அதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடிக்கிறார்கள். தாளில் வித்தியாசம் தெரிவது அபூர்வம். ஆனால் கோப்புக்குள் தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. பழைய கோப்பைத் தானியங்கி இலக்கத்துக்கு மாற்றும் எந்தச் செருகுநிரலும் இந்த இரண்டையும் ஒன்றாகவே எண்ணத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

ஆகவே முதல் வேண்டுகோள், ஒரு சுற்றறிக்கை. பன்னிரண்டுக்கு மேல் என்ன வரிசை, ஆய்தம் உண்டா இல்லையா, மெய்வரிசையில் எந்தெந்த எழுத்து, அதுவும் முடிந்தால் என்ன, மூன்றாம் மட்டத்துக்கு ரோமன் இலக்கமா என்று ஒரு பக்கத்தில் சொல்லிவிடுங்கள். சட்டவரைஞர் திணைக்களத்தோடு உட்கார்ந்து பேசி, அச்சுச் சட்டங்களின் வழக்கத்தோடு ஒத்துப்போகிற மாதிரிச் செய்தால் மிக நல்லது. எந்த வரிசையைத் தெரிவு செய்தாலும் எனக்குச் சம்மதம். ஒன்றாக இருந்தால் போதும். அந்த ஒரு பக்கம் இருந்தால்தான் மைக்ரோசொப்டிடமோ நியம அமைப்புகளிடமோ போய், எங்கள் வரிசையையும் பட்டியலில் சேருங்கள் என்று கேட்க முடியும். லிப்ரே ஒபிஸ் வேர்டின் வேலையையே செய்யும் திறந்த மூல மென்பொருள், அங்கே நிரலோடே போய்க் கேட்கலாம். ஆனால் எந்த வரிசை என்று கேட்டால் சொல்ல நம்மிடம் ஒரு பதில் வேண்டும்.

இரண்டாவது வேண்டுகோள், செருகுநிரல். நியமத்தில் தமிழ் ஏறும்வரை காத்திருக்க முடியாது, கோப்புகள் தினமும் போய்க்கொண்டிருக்கின்றன. கொழும்பிலும் மொரட்டுவையிலும் யாழ்ப்பாணத்திலும் பல்கலைக்கழகங்களில் கணினி படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு குழுவிடம் ஒப்படைத்தால் செய்யக்கூடிய வேலைதான் இது. அதைச் செய்விக்கும்போது மேசையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் பக்கமிருந்து சிலவற்றைக் கருத்தில் கொள்ளும்படி கேட்கிறேன்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, செருகுநிரல் இல்லாத கணினியிலும் கோப்பு சரியாகத் திறக்க வேண்டும். நான் அடித்த கோப்பு சட்டத்தரணியிடம் போகும், அங்கிருந்து எதிர்த்தரப்புச் சட்டத்தரணியிடம் போகும், பிறகு வங்கிக்கோ பிரதேச செயலகத்துக்கோ போகும். எல்லா இடத்திலும் இந்த மென்பொருள் இருக்காது. 1, 2, 3 மட்டத்தை வேர்டின் சொந்தப் பட்டியலிலேயே விட்டுவிட்டு, தமிழ் எழுத்து மட்டத்துக்கு மட்டும் வேர்டின் புலங்களை, அதாவது கணக்கிட்ட விடையைக் காட்டும் ‘ஃபீல்ட்’களைப் பயன்படுத்தி, கணக்கிட்ட தமிழ் எழுத்தைக் கோப்பிலேயே பதித்துவைக்கலாம். அப்போது வேறொருவர் திறந்தாலும் கடைசியாகக் கணக்கிட்ட (ஆ) அப்படியே தெரியும். புதிதாகப் பந்தி சேர்த்தால்தான் செருகுநிரல் தேவைப்படும்.

புலங்களை வைத்துச் செய்தால் அவை தாமாகப் புதுப்பித்துக்கொள்ளாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எஃப்9 தட்ட மறந்துவிட்டு அச்சிட்டால் பழைய இலக்கம்தான் தாளில் வரும். அச்சிடும் முன் புதுப்பிக்கும் தெரிவு ஒன்று வேர்டில் இருக்கிறது, ஆனால் அது எங்கே இருக்கிறது என்று தேடிப்போகிறவர்கள் குறைவு. சேமிக்கும்போதும் அச்சிடும்போதும் பீடீஎஃப் ஆக்கும்போதும் செருகுநிரல் தானே புதுப்பித்துவிட வேண்டும்.

அப்புறம், உறையவைக்கும் பொத்தான் ஒன்று கட்டாயம் வேண்டும். வரைவாக இருக்கும்வரை இலக்கம் ஓடிக்கொண்டே இருக்கலாம். கையெழுத்து விழுந்த பின் ஓர் இலக்கமும் அசையக் கூடாது. வழக்குரையைத் தாக்கல் செய்த பிறகு, அதே கோப்பைத் திறந்து ஒரு பந்தியைத் தொட்டதால் எல்லாம் மாறிப்போனால், நீதிமன்றக் கோப்பில் இருப்பதும் நம் கணினியில் இருப்பதும் வேறாகிவிடும். தானியங்கி இலக்கங்களைச் சாதாரண எழுத்தாக மாற்றும் கட்டளை வேர்டின் மேக்ரோ மொழியிலேயே, அதாவது வேர்டுக்குள் ஓடும் சிறு நிரல்களை எழுதும் மொழியிலேயே, இருக்கிறது. சுட்டல்களை உறையவைக்க, கன்ட்ரோல் ஏ அழுத்தி எல்லாவற்றையும் தெரிவு செய்துவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். இரண்டையும் ஒரே பொத்தானுக்குக் கீழே கொண்டுவந்து, மூலக் கோப்பைத் தொடாமல் தனிப் பிரதியில் செய்யும்படி வைத்தால் தட்டச்சாளர் நிம்மதியாகத் தூங்கலாம். திருத்தத்தில் வரும் 5அ போன்ற இலக்கங்களை எண்ணிக்கையைக் குழப்பாமல் கையால் நிறுத்திவைக்கவும் இடம் வேண்டும்.

பாதுகாப்பு பற்றியும் சொல்ல வேண்டும். இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளில் மேக்ரோ ஓடுவதை 2022 இலிருந்து மைக்ரோசொப்ட் இயல்பாகவே தடுத்துவிட்டது. நல்ல காரியம். ஆகவே யாரோ செய்த மேக்ரோ கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, தடையை நீக்கிவிட்டுத் திறவுங்கள் என்று பழக்கப்படுத்துவது பெரிய தீமை. நாளைக்கு அதே வழியில் வேறொன்று உள்ளே வரும். செருகுநிரல் திணைக்களத்தின் டிஜிட்டல் கையொப்பத்தோடு திணைக்களத்தின் தளத்திலிருந்தே கிடைக்க வேண்டும். அரச அலுவலகக் கணினிகளில் நிருவாகி அனுமதி இல்லாமல் எதையும் நிறுவ முடியாது என்பதால், அமைச்சுகளின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுகளுக்கும் நீங்களே அறிவிக்க வேண்டியிருக்கும். புதுக்கடைச் சிறுகடைகளில் பழைய வேர்ட் பதிப்புகளும், காசு கொடுக்க முடியாத இடங்களில் லிப்ரே ஒபிஸும் ஓடுகின்றன என்பதையும் மறந்துவிடாதீர்கள். புதிய பதிப்பு வாங்கியவருக்கு மட்டும் வேலை செய்கிற மென்பொருள் எங்களை வந்து சேராது.

இதையே சிங்களத்துக்கும் சேர்த்துச் செய்யுங்கள் என்றும் கேட்கிறேன். அவர்களுக்கும் நியமத்தில் இடம் இல்லை. எங்கள் தெருவில் சிங்களத்தில் தட்டச்சு செய்யும் நண்பர்களும் உட்பந்தி எழுத்தைக் கையால்தான் அடிக்கிறார்கள். மூன்று மொழிக்கும் ஒரே செருகுநிரல் என்றால், ஆங்கிலப் பிரதியில் ஒரு பந்தியைச் செருகும்போது மற்ற இரண்டிலும் அந்த இடத்தில் வெற்றுப் பந்தி ஒன்றைத் திறந்து, ‘இங்கே மொழிபெயர்ப்பு வேண்டும்’ என்று காட்டச் செய்யலாம். செட்டியார் தெருக் கடைக்காரருக்கு அன்று அப்படி ஒன்று இருந்திருந்தால் வைப்புத் தொகைக்கு வழக்குப் பேச வேண்டி வந்திருக்காது.

பரிசோதிப்பதற்குக் கோப்புகள் வேண்டுமானால் புதுக்கடைக்கு ஆளனுப்புங்கள். பெயர், முகவரி, வழக்கிலக்கம் எல்லாம் நீக்கிவிட்டு, எங்களிடம் இருக்கும் மிகச் சிக்கலான ஒப்பந்தங்களையும் வழக்குரைகளையும் மாதிரிக்குத் தருகிறோம். பாமினியில் அடித்தவையும் உண்டு, யுனிகோடில் அடித்தவையும் உண்டு, இரண்டும் ஒரே பக்கத்தில் கலந்தவையும் உண்டு. முதலில் அந்த ஒரு பக்கச் சுற்றறிக்கை வரட்டும். வந்த அன்றே எங்கள் மேசைகளில் அந்த வரிசைக்கு மாறிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
புதுக்கடையில் தமிழ் ஆவணங்கள் தட்டச்சு செய்யும் ஒருவன்
கொழும்பு 12